எண்பத்தேழாம் வில்லை

ஜனவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ, உன் வீட்டுக்காரி, மகள் மூவரும் சுகம்தானே? இங்கே உன் அத்தானுக்கு முழங்கால் வலி. அதைப் பற்றி நாள் முழுக்கக் கேட்டு எனக்குக் காது வலி. மற்றபடி குறையில்லை. உனக்குப் போன் செய்தால் நீ "ஆங்? ஆங்?" என்று கேட்பதிலேயே நேரம் போய்விடுகிறது. இத்தனை வருஷம் ரயில் கூவுவதைக் கேட்ட காதுக்கு அக்கா குரல் எங்கே விழப்போகிறது? அதனால்தான் பேனாவை எடுத்துவிட்டேன்.

விஷயத்துக்கு வருகிறேன். அணையின் மதகுகளைப் பழுதுபார்க்கிறார்கள். அதற்காக நீர்த்தேக்கத்தைத் திறந்துவிட்டு இரண்டு மாதமாகிறது. நம் ஊர் வெளியே வந்துகொண்டிருக்கிறதடா! முதலில் தண்ணீர்த் தொட்டியின் தலை தெரிந்தது. அப்புறம் ஆஸ்பத்திரிச் சுவர், கடைத்தெரு, சுரங்க அலுவலகம். எதற்கும் கூரை இல்லை. நேற்றுச் சேற்றில் பலகை போட்டு நடந்து நம் வீட்டுக்குள் போய் நின்றேன். சமையலறைச் சிமெண்டுத் தொட்டி அப்படியே இருக்கிறது. துணி காயப்போட நீ கோணலாக அடித்த ஆணி சுவரில் இன்னும் கோணலாகவே இருக்கிறது. சிரித்தேன், அப்புறம் கொஞ்சம் அழுதேன். உன் அத்தான் பார்க்கவில்லை.

இங்கே நூலகத்தில் ஒரு பெண் வேலைக்கு வந்திருக்கிறாள். துடிப்பானவள். நம் ஊரின் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறாள். செம்புத் தாது கிடைத்த நாளிலிருந்து தண்ணீர் ஏறிய நாள் வரை. ஷிஃப்ட் வாரியாகத் தெரு இருந்ததை நான்தான் சொன்னேன். மூன்றாம் ஷிஃப்ட் தெருவில் ஆட்கள் பகலில் தூங்குவார்கள், அங்கே காய்கறிக்காரர்கூடக் கூவாமல் கதவைத் தட்டித்தான் விற்பார் என்றதும் அவள் கண் விரிந்துவிட்டது. சுரங்கத்தில் நீ வேலை பார்த்த விளக்கறையைப் பற்றியும் எழுதியிருக்கிறாள். எண் பொறித்த பித்தளை வில்லையைக் கொடுத்தால் விளக்கு, விளக்கைத் திருப்பிக் கொடுத்தால் வில்லை, பலகையில் ஒரு வில்லை தொங்கினால் ஓர் ஆள் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். சரியாகத்தானே சொல்லியிருக்கிறேன்?

அத்தியாயம் இப்படி முடிகிறது: "கடைசி நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் மேலே வந்துவிட்டார்கள்." அன்று விளக்கறையில் இருந்தவன் நீ. எல்லோரும் ஏறிவிட்டார்கள் என்று கையெழுத்துப் போட்டவனும் நீதான். அதனால் இந்த வாக்கியத்தின் கீழே உன் கையெழுத்தை அச்சடிக்க ஆசைப்படுகிறாள். தாளை இத்துடன் வைத்திருக்கிறேன். தபாலில் வேண்டாம், நேரிலேயே வந்து போடு. என் வீட்டு வாசலை நீ மிதித்து முப்பத்தொரு வருஷமாகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்தது. இங்கே மூவரும் நலம். மகளுக்கு அலுவலகத்தில் நல்ல பெயர். அத்தானின் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. உன் காதுக்கு மருந்தில்லை.

ரயில் நிலையத்துப் பெட்டி அறையில் நான் இல்லாவிட்டால் ஆளில்லை, லீவு கிடைப்பது கஷ்டம். போன வாரம்கூட ஒருவர் பெட்டியை வைத்துவிட்டுச் சீட்டோடு எங்கேயோ போய்விட்டார். அவர் திரும்பி வந்து எடுக்கும்வரை நான் வீட்டுக்குக் கிளம்பவில்லை. என் வீட்டுக்காரி, "பெட்டிக்குக் காவலா, இல்லை அந்தாளுக்கே காவலா?" என்று கேட்கிறாள்.

அக்கா, சில சந்தேகங்கள். சுரங்கத்துக் குழிவாய் தெரிகிறதா? அதன் மேல் போட்ட சிமெண்டு மூடி இருக்கிறதா? அதைத் திறக்கும் யோசனை ஏதாவது அதிகாரிகளுக்கு உண்டா? திறந்தால் கீழே ஆள் இறக்கிப் பார்ப்பார்களா? சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் ஊரின் மற்ற விஷயங்களை நிறைய எழுதச் சொல். கடைசி நாளைப் பற்றி எழுதவே வேண்டாம். அன்று எல்லோருக்கும் லாரி பிடிக்கிற அவசரம். அதில் வரலாறு ஒன்றுமில்லை.

அனைவருக்கும் என் அன்பு.

தம்பி


பிப்ரவரி 4

அன்புள்ள தம்பிக்கு,

நலம். ஒத்தடம் கொடுத்தேன். "தம்பி சொன்னதால்தானே செய்யுற" என்று அதற்கும் முணுமுணுப்பு.

நீ கேட்ட குழிவாய் நன்றாகத் தெரிகிறது. மூடியில் விரிசல் விட்டிருக்கிறதாம். அதை உடைத்துவிட்டு, உள்ளே பார்த்து, தண்ணீர் மறுபடி ஏறுவதற்குள் கல்லும் சிமெண்டும் கொட்டி நிரந்தரமாக அடைக்கப் போகிறார்களாம். மார்ச்சில் வேலை தொடங்குகிறது. சும்மா தெரிந்துகொள்ள இத்தனை கேள்வி கேட்கிற ஆள் நீ இல்லையே? நான் எழுதிய மூன்று பக்கத்தில் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை, ஆணியைப் பற்றிக் கேட்கவில்லை, குழியைப் பற்றி நாலு கேள்வி!

தாளில் கையெழுத்தும் வரவில்லை. நூலகப் பெண் முகம் சுண்டிப்போனாள். "சார் கோவிச்சுக்கிட்டாரா மேடம்?" என்றாள். அவன் கோபித்துக்கொண்டு முப்பத்தொரு வருஷமாகிறது, காரணம்தான் எனக்குத் தெரியவில்லை என்று சொன்னேன்.

வெளிப்படையாகவே கேட்கிறேன். என் கல்யாணத்தை ஓடியாடி நடத்திக் கொடுத்துவிட்டு மறுவாரமே ரயில் ஏறினாய். அதற்குப் பிறகு இந்தக் கரைப்பக்கம் நீ தலைகாட்டவே இல்லை. நான்தான் வருஷத்துக்கு ஒருமுறை மூட்டை கட்டிக்கொண்டு உன் வீட்டுக்கு வருகிறேன். அத்தானைப் பிடிக்கவில்லையா? என்னைப் பிடிக்கவில்லையா? எதுவானாலும் சொல்லிவிடு. தாங்கிக்கொள்கிற வயசு எனக்கு வந்துவிட்டது.

பதில் போடு.

அக்கா


மார்ச் 10

தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஒரு மாதமாக ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஏதாவதா என்று பயந்து போன் செய்தால் உன் வீட்டுக்காரி எடுத்தாள். "நல்லாத்தான் இருக்காரு அண்ணி. ஆனா சரியா சாப்பிடுறதில்ல. உங்க கடுதாசியை எடுத்து வச்சுக்கிட்டு உட்கார்ந்திருக்காரு" என்றாள். நான் என்ன கெட்ட செய்தியா எழுதினேன்?

குழியைத் திறந்துவிட்டார்கள். உள்ளே அறுபதடியில் தண்ணீர் நிற்கிறதாம். அதற்குக் கீழே பார்க்க வழியில்லை என்று, அப்படியே கல் கொட்டி ஏப்ரலில் மூடிவிடுகிறார்கள். இப்போது நிம்மதியா உனக்கு?

புத்தகம் அடுத்த மாதம் அச்சுக்குப் போகிறது. கையெழுத்துப் போடு, இல்லை ஏன் போட மாட்டேன் என்று சொல். இரண்டும் இல்லாமல் வாயை மூடிக்கொண்டிருந்தால் நானே ரயில் ஏறி வந்து உன் பெட்டி அறைக் கவுண்டரில் உட்கார்ந்துகொள்வேன். என்னை யாரும் சீட்டுக் கொடுத்து எடுத்துப் போக முடியாது, ஞாபகம் இருக்கட்டும்.

உன் உடம்பு எப்படி என்று ஒரு வரியாவது எழுது.

அக்கா


மார்ச் 17

அக்கா,

உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. மற்றதை எழுதுகிறேன். படிக்கும்போது உட்கார்ந்துகொள்.

உன் மேல் கோபமில்லை. அத்தான் தங்கமான மனுஷன். அந்தத் தண்ணீரைப் பார்க்கிற தைரியம்தான் எனக்கு இல்லை. அதற்கு அடியில் ஓர் ஆள் இருக்கிறான். அவனை அங்கே விட்டுவிட்டு வந்தவன் நான்.

ஏணியை உனக்கு ஞாபகம் இருக்கும். கீழே சுரங்கக் கூரை இடியாமல் மரமுட்டு வைக்கிற தச்சன். நிமிர்ந்தால் பாறையில் தலை இடிக்கும் உயரம் என்பதால்தான் அந்தப் பட்டப்பெயர். அவன் எண் எண்பத்தேழு. கடைசி நாள் காலை அவன் விளக்கு மங்கலாக எரிந்தது. அதை வாங்கி விளக்குத் தட்டில் அதன் இடத்திலேயே மாட்டிவிட்டு, என்னிடமிருந்த உபரி விளக்கைக் கொடுத்தேன். உனக்குத் தெரியாத பழக்கம் ஒன்று எங்கள் அறையில் உண்டு. உபரி விளக்கு வாங்கியவனின் வில்லையைப் பலகையில் மாட்டமாட்டோம். கணக்குக் குழம்பும் என்று விளக்குக்காரன் தன் சட்டைப்பையில் போட்டுக்கொள்வான். நானும் போட்டுக்கொண்டேன்.

பதினொரு மணிக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு கடைசிக் கூண்டு மேலே வந்தது. பலகையைப் பார்த்தேன், ஒரு வில்லைகூட இல்லை. விளக்குத் தட்டைப் பார்த்தேன், இருநூற்றுப் பன்னிரண்டு இடத்திலும் விளக்கு. "போடுப்பா கையெழுத்த, லாரி நிக்குது" என்று அதிகாரி அவசரப்படுத்தினார். போட்டுவிட்டேன். தட்டில் இருந்த எண்பத்தேழு காலையிலிருந்தே அங்கே இருந்த விளக்கு என்பது எனக்கு உறைக்கவில்லை. தண்ணீர் இறைக்கும் பம்பை நிறுத்தினார்கள், குழியை மூடினார்கள், மாலையில் மதகை அடைத்தார்கள்.

ஒன்பதாம் நாள் குடியேற்றக் கொட்டகையில் துவைப்பதற்குச் சட்டையை எடுத்தேன். பையில் வில்லை இருந்தது. அதற்குள் கடைத்தெருவில் முழங்காலளவு தண்ணீர்.

ஏணியைத் தேடினேன். அவனுக்குக் குடும்பம் கிடையாது. அவனுக்கென்று ஒதுக்கிய மனையில் ஒருவரும் வந்து இறங்கவில்லை. பார்த்தவர்கள் யாருமில்லை. ஒருநாள் சாப்பாட்டுக்குக் கை கழுவும்போது சாதாரணமாகக் கேட்பதுபோல உன்னிடமும் கேட்டேன். "நான் பாக்கலையே" என்றாய். அத்தோடு என் நம்பிக்கை போய்விட்டது. அதிகாரியின் அறைக்கதவு வரை மூன்று முறை போய் மூன்று முறையும் திரும்பிவிட்டேன். கோழை அக்கா நான். உன் கல்யாணம் முடிந்ததும் ஓடிவந்துவிட்டேன்.

வில்லை என்னிடம்தான் இருக்கிறது. மேலே வருகிறவனிடம்தான் அதைக் கொடுக்கலாம். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் வந்தார்கள் என்று இன்னொரு முறை என்னால் கையெழுத்துப் போட முடியாது. இருநூற்றுப் பதினொன்று என்று அச்சடிக்கச் சொல். குழியை மூடுவதற்கு முன் அதிகாரிகளிடமும் சொல்லிவிடு. வருகிற தண்டனை வரட்டும்.

தம்பி


மார்ச் 20
விரைவுத் தபால்

தம்பி,

ஏணி சாகவில்லை. அன்று பிற்பகல் மூன்று மணிக்கு மேலே வந்துவிட்டான். நான் என் கையால் அவனுக்குத் தண்ணீர் கொடுத்தேன். இரண்டு செம்பு குடித்தான்.

முதலில் மூச்சு விடு. சாப்பிடு. விவரம் பின்னால் எழுதுகிறேன், தபால் கட்டும் நேரம் ஆகிவிட்டது.

அக்கா


மார்ச் 25

அக்காவுக்கு,

உன் வரிகளைக் கவுண்டரிலேயே படித்தேன். யாரோ ஒருவரின் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். அவர் தண்ணீர் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் எனக்கு ஏழு வயசில் நம் பூனை காணாமல் போனபோது, "டாக்டர் வீட்டுக்குக் குடிபோயிடுச்சு, அங்க பால் நிறைய" என்று சொன்னவள் நீ. டாக்டர் வீட்டு வாசலில் நான் ஒரு வாரம் உட்கார்ந்திருந்தேன். அது லாரியில் அடிபட்டதை எனக்குப் பன்னிரண்டு வயசில்தான் சொன்னாய். அன்று "பாக்கலையே" என்றாய். இன்று தண்ணீர் கொடுத்தேன் என்கிறாய். இரண்டில் எது பொய்? என்னைத் தேற்றுவதற்காக இதைச் சொல்லியிருந்தால், அக்கா, தயவுசெய்து சொல்லிவிடு. நம்பிவிட்டு மறுபடி இழக்க எனக்குத் தெம்பில்லை.

அவன் உண்மையிலேயே வந்திருந்தால் அந்த உபரி விளக்கும் வந்திருக்கும். அதன் பாட்டரியைக் கட்டும் இடுப்புவாரை நான் ஒட்டுப் போட்டுத் தைத்திருந்தேன். எதைக் கிழித்து ஒட்டுப் போட்டேன் என்பது எனக்கும் அதைக் கட்டியவனுக்கும் மட்டும்தான் தெரியும். அதை யாராவது சொல்லட்டும், நம்புகிறேன்.

சாப்பிடுகிறேன். கவலைப்படாதே.

தம்பி


ஏப்ரல் 2

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அத்தானும் சுகம். பூனை விஷயத்தில் மன்னிப்புக் கேட்டு நாற்பத்து நாலு வருஷமாகிறது, இன்னும் நீ விடவில்லை. விடாதே. இந்த விஷயத்தில் அதைவிடப் பெரிய மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது.

பொய் சொன்னது அன்றுதான். நடந்ததைச் சொல்கிறேன்.

நீ மதியமே விளக்குகளோடு லாரியில் போய்விட்டாய். டெலிபோன் ஆபரேட்டரான நான், போன் சுவிட்ச்போர்டைக் கழற்றிப் பெட்டியில் அடுக்கிவிட்டுக் கடைசி லாரிக்காகச் சுரங்க அலுவலகத்தில் இருந்தேன். மூன்று மணிக்குப் பின்வாசலில் ஓர் உருவம் வந்து நின்றது. தலையிலிருந்து கால்வரை சேறு, இரண்டு முழங்கையிலும் தோல் இல்லை, தலையில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஏணி! மணி அடித்த பிறகு கைரம்பத்தை மறந்துவிட்டேன் என்று திரும்பிப் போயிருக்கிறான். வந்து பார்த்தால் கூண்டு போய்விட்டது. கத்திப் பார்த்திருக்கிறான். அப்புறம் காற்றுப்பாதையில் நாலு மணி நேரம் தவழ்ந்து, மலைச்சரிவில் சுரங்கத்துக்குக் காற்று அனுப்பும் காற்றாடி அறை வழியாக வெளியே வந்திருக்கிறான்.

நான் போனைத் தேடினேன், போனைத்தான் கழற்றியாகிவிட்டதே. அவன் தடுத்தான். "வேணாம் தங்கச்சி. எல்லாரும் ஏறியாச்சுன்னு உன் தம்பி கையெழுத்துப் போட்டிருப்பான். இது வெளிய தெரிஞ்சா அவன் வேலை போகும், உள்ள தள்ளினாலும் தள்ளுவாங்க. தப்பு என்னுது, ரம்பத்துக்குப் போனது நான். அவன்கிட்டயும் சொல்லிடாத. தெரிஞ்சா அவன் ஜென்மத்துக்கும் தூங்க மாட்டான்." என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினான். சாலைப் பிரிவு வரை லாரியில் வந்து இறங்கிக்கொண்டான். மனை வேண்டாம், குழி வேலையே வேண்டாம் என்று போய்விட்டான்.

நீ தூங்க வேண்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் செய்த காரியம் இது. நீ கை கழுவிக்கொண்டே கேட்டபோது உன் முகத்தைப் பார்த்திருந்தால் சொல்லியிருப்பேனோ என்னவோ. நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். நீ சாதாரணமாகக் கேட்டாய், நானும் சாதாரணமாகச் சொன்னேன். இரண்டு பேரும் நன்றாகத்தான் நடித்திருக்கிறோம். இதை எழுதும்போது என் தலையில் நானே அடித்துக்கொள்கிறேன்.

ஏணியிடமிருந்து ஏழெட்டு வருஷம் கழித்து ஒரே ஒரு கார்டு வந்தது. மர அறுவை ஆலையில் வேலை என்று எழுதியிருந்தான். அந்த ஊர் இங்கிருந்து பஸ்ஸில் ஏழு மணி நேரம். நாளைக் காலை நானும் அத்தானும் கிளம்புகிறோம். முழங்கால் வலி என்று ஒரு வார்த்தை சொல்லாமல் மனுஷன் பை அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார்.

கொஞ்ச நாள் பொறுத்துக்கொள்.

அக்கா


ஏப்ரல் 19

விளக்கறைத் தம்பிக்கு,

எண்பத்தேழு எழுதுவது. நான் சௌக்கியம். அறுபத்தைந்து நடக்கிறது. பல் நாலு போய்விட்டது, உயரம் மட்டும் குறையவில்லை. இன்று காலைகூட நிலையில் இடித்துக்கொண்டேன். உன் சுகத்துக்கும் வீட்டில் உள்ளவர்கள் சுகத்துக்கும் எழுது.

உன் அக்காவும் அவர் வீட்டுக்காரரும் ஆலை வாசலில் வந்து நின்றபோது நான் நினைத்தது ஒன்றுதான். விளக்குக்காக வந்திருக்கிறார்கள்! திருப்பிக் கொடுத்தால் குட்டு வெளிப்படும், நீ மாட்டிக்கொள்வாய் என்று நான் அந்த விளக்கை எடுத்து வந்துவிட்டேன். நமக்குக் கடன்பட்டுப் பழக்கமில்லை. அடுத்தவன் பொருள் வீட்டில் இருக்கிறதே என்று முப்பத்தொரு வருஷமாகப் பரணைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உறுத்தும். திருடன் என்று நீ என்னைப் பற்றி நினைத்திருப்பாய் என்று நான் இங்கே உருகிக்கொண்டிருக்க, என்னைக் கொன்றுவிட்டதாக நீ அங்கே உருகிக்கொண்டிருந்தாயா? உன் அக்கா சொன்னதும் ரம்பத்தை நிறுத்திவிட்டு மரத்தூளிலேயே உட்கார்ந்துவிட்டேன். நீ நன்றாகத் தூங்க வேண்டும் என்றுதானப்பா அந்தச் சத்தியத்தையே வாங்கினேன். நான் ஒரு மடையன்.

இடுப்புவாரைப் பற்றிக் கேட்டாயாம். உன் நீலக் கால்சட்டையின் பையைக் கிழித்து ஒட்டுப் போட்டு, வெள்ளை நூலால் தைத்திருந்தாய். அந்தக் கடைசி நாள் காலையில் அதை என் இடுப்பில் கட்டும்போது, "பை இல்லாத கால்சட்டையில கைய எங்க விடுவ?" என்று கேட்டேன். "நீ வந்ததும் உன் பையில விடுறேன்" என்றாய். போதுமா? இல்லை, இன்னும் சாட்சி வேண்டுமா?

விளக்கைத் துடைத்து வைத்திருக்கிறேன். எரியாது. ஆனால் இருக்கிறது. உன் அறை தண்ணீரை விட்டு வெளியே வந்திருக்கிறதாமே. எங்கே வாங்கினேனோ அங்கேயே திருப்பிக் கொடுக்கிறேன், தேதி சொல்.

இப்படிக்கு
ஏணி


ஏப்ரல் 24

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் பயண அலுப்புத் தீர்ந்து சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன்.

நீலக் கால்சட்டைதான்.

மூன்று நாளாக இந்தக் கடிதத்தைத் தொடங்க முயற்சி செய்கிறேன், அதற்கு மேல் எழுத வரவில்லை. மகள் எனக்குப் பதிலாக டிக்கெட் எடுத்துவிட்டாள். மே மூன்றாம் தேதி காலை வண்டியில் வருகிறோம், மூன்று பேரும். ஏணிக்கும் எழுதிவிட்டேன். பெட்டி அறைக்கு ஆள் போட்டாகிவிட்டது. கேட்டவுடனே லீவு கொடுத்தார்கள் அக்கா. இத்தனை வருஷத்தில் நான் கேட்டதே இல்லையாம்.

தம்பி


மே 16

அன்புள்ள தம்பிக்கு,

நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்த செய்தி கிடைத்தது. எல்லோரும் சுகமா? இங்கே வீடு வெறிச்சென்று இருக்கிறது. ஏணி வாசல் நிலையில் இடித்துக்கொண்ட இடத்தில் உன் அத்தான் பழைய துணியைச் சுற்றி வைத்திருக்கிறார். அடுத்த முறைக்காம்.

நீ வந்த மறுநாள் காலை பத்து மணிவரை எழுந்திருக்கவில்லை. உன் வீட்டுக்காரி பயந்துபோய், "இவரு இப்படித் தூங்கி நான் பாத்ததே இல்ல அண்ணி" என்று என்னைக் கூப்பிட்டாள். அத்தான் இரண்டு முறை வந்து மூக்கில் விரல் வைத்துப் பார்த்தார். நான் யாரையும் எழுப்ப விடவில்லை. அன்றைக்கு என் வீட்டை மூன்றாம் ஷிஃப்ட் தெரு ஆக்கிவிட்டேன். காய்கறிக்காரர்கூடக் கூவவில்லை.

ஒன்று கேட்க வேண்டும். நீங்கள் இரண்டு பேரும் விளக்கறைக்குள் போனபோது நாங்கள் கரையிலேயே நின்றுவிட்டோம். பாதிச் சுவருக்கு மேலே உங்கள் தலை மட்டும்தான் தெரிந்தது. அவன் ஒருபக்கம், நீ ஒருபக்கம். ரொம்ப நேரம் அசையவே இல்லை. திடீரென்று இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். அப்புறம் அவன் தலை கீழே போய்விட்டது, நீ ஓடினாய். என்ன நடந்தது? கேட்டால், "ஒன்னுமில்லக்கா" என்றாய். இனிமேல் இந்த வீட்டில் "ஒன்னுமில்ல" செல்லாது. முழுசாக எழுது.

மதகு வேலை முடிந்துவிட்டது. நேற்றிலிருந்து தண்ணீர் ஏறுகிறது. நம் வீட்டுச் சிமெண்டுத் தொட்டி வரை வந்துவிட்டது. இந்த முறை எனக்கு அழுகை வரவில்லை. நாற்காலி போட்டு உட்கார்ந்து தேநீர் குடித்தபடி பார்த்தேன்.

நூலகப் பெண் உனக்காக அச்சை நிறுத்தி வைத்திருக்கிறாள். அந்தக் கடைசி வாக்கியத்தை எப்படி எழுதட்டும் என்று கேட்கச் சொன்னாள்.

அன்புடன்
அக்கா


மே 23

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். வந்ததிலிருந்து தினமும் இரவு நன்றாகத் தூங்குகிறேன். நேற்று ஒருவர் பெட்டியை எடுக்க வரவில்லை. அறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். காலையில் வந்து எடுத்துக்கொண்டார். அவ்வளவுதான் விஷயம் என்பது இத்தனை நாளும் எனக்குத் தெரியாமல் போயிற்று.

நீ கேட்டதைச் சொல்கிறேன். விளக்கறையில் கவுண்டர்க் கல் அப்படியே இருக்கிறது. அவன் வெளிப்பக்கம் நின்றான், நான் உள்பக்கம் நின்றேன். அவன் விளக்கைக் கல்லின் மேல் வைத்துவிட்டுச் சும்மா நின்றான். நானும் நின்றேன். எனக்குக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "ஏன் நிக்கிற?" என்றான். "நம்பர் சொல்லு" என்றேன். முறை அதுதானே, நம்பரைச் சொல்லாமல் யாருக்கும் வில்லை கொடுத்ததில்லை. அவன் நிமிர்ந்து நின்று, அந்தக் காலத்தில் கத்துவதுபோலவே, "எண்பத்தேழு!" என்று கத்தினான். நான் விளக்கை எடுத்துக் கண்ணாடியைப் பார்த்தேன், வயரைப் பார்த்தேன், வாரைத் திருப்பிப் பார்த்தேன். நீலத் துணி. சட்டைப்பையிலிருந்து வில்லையை எடுத்து அவன் கையில் வைத்தேன். "லேட்டு" என்றேன். "ரம்பம் எடுக்கப் போனேன்" என்றான். அதற்குத்தான் சிரித்தோம்.

அப்புறம் அவன் வில்லையைப் பிடித்துக்கொண்டு சேற்றிலேயே உட்கார்ந்து அழுதான். நான் ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உன் பையில கைய விடுறேன்னு சொன்னியே" என்றான். விட்டேன். அதனால்தான் திரும்பி நடந்து வரும்போது அப்படி வந்தோம். நீங்கள் எல்லோரும் கேலி செய்தீர்கள்.

உன் மேலும் அவன் மேலும் எனக்கு வருத்தம் துளியும் இல்லை. என்னைக் காப்பாற்றத்தானே நினைத்தீர்கள்? ஆனால் அக்கா, இனிமேல் பூனை செத்தால் செத்தது என்றே சொல்லிவிடு. ஆள் பிழைத்தாலும் பிழைத்தான் என்று அன்றைக்கே சொல்லிவிடு.

நூலகப் பெண்ணிடம் சொல், அந்த வாக்கியத்தில் ஓர் எழுத்தும் மாற்ற வேண்டாம். "கடைசி நாளில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேரும் மேலே வந்துவிட்டார்கள்." தாளில் கையெழுத்துப் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். இந்த முறை எண்ணிப் பார்த்துப் போட்டது.

தம்பி
விளக்கறை